முதன்முறை அரசி வேடம் போடும் சகோதரிகளுக்கு



பிரதேச செயலகங்கள் ஆண்டுதோறும் நடத்தும் பண்பாட்டு விழாக்களைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. விழா மண்டபத்துக்கு முன்னால் ஒரு பவனி போகும். காவடி, கரகம், கோலாட்டம், பொய்க்கால் குதிரை எல்லாம் போனபின் சோடித்த உழவு இயந்திரப் பெட்டிகளில் எங்கள் அரசர்கள் வருவார்கள். எல்லாளன் வருவான், சங்கிலியன் வருவான், பண்டாரவன்னியன் வருவான். அரசனுக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்ரிக் கதிரையில் சிவப்புத் துணி போர்த்து ஒரு அரசியும் இருப்பாள். பெரும்பாலும் அவளுக்கு வாய் திறக்க வேலை இராது.

எங்கள் பக்கத்தில், கோப்பாய்ப் பிரதேசத்தில், இப்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களையும் ஒரு ஊர்தி செய்து வரும்படி கேட்கிறார்கள். நீர்வேலியில் நான் பழகும் சங்கம் ஒன்று சென்ற முறை முதன்முறையாக அப்படி இறங்கியது. அதைக் கேள்விப்பட்ட வேறு ஊர்ச் சகோதரிகள், "நாங்கள் எங்கிருந்து தொடங்குவது?" என்று கேட்கிறார்கள். ஆகவே இந்த மாதப் பக்கத்தை அதற்கே ஒதுக்குகிறேன்.

இது எங்களுக்கு மட்டும் உரிய வழக்கம் அல்ல. இங்கிலாந்தில் 1066 ஆம் ஆண்டு நடந்த ஹேஸ்ரிங்ஸ் போரை அதே இடத்தில் மக்கள் வேடமிட்டு நடித்துக் காட்டுகிறார்கள். அமெரிக்காவில் 1966 இல் தொடங்கிய ஒரு சங்கம் ஐரோப்பாவின் இடைக்கால வாழ்க்கையைத் தைத்தும் சமைத்தும் சண்டை பழகியும் திருப்பிச் செய்துபார்க்கிறது. அங்கே புதிதாக வருபவருக்குச் சொல்லும் புத்திமதி எனக்குப் பிடித்தது: முதலில் உடுப்பையும் செருப்பையும் சரிசெய், வாளைப் பிறகு பார்க்கலாம். எங்கள் சங்கங்களில் நேர்மாறு. முதற்கூட்டத்திலேயே வாளுக்கு யார் வெள்ளித்தாள் வாங்குவது என்ற பிரச்சினைதான் எழும்.

வாளுக்கும் முன்னால் தீர்க்க வேண்டிய ஒன்று உண்டு. எந்த ஆண்டை, யாருடைய கதையைக் காட்டப்போகிறோம்?

யாழ்ப்பாண அரசு 13 ஆம் நூற்றாண்டிலிருந்து 1619 வரை இருந்தது. எங்கள் மனதில் அதன் உருவம் நல்லூர் முத்திரைச் சந்தியில் நிற்கும் சிலைதான். குதிரையில் வாளோங்கிய சங்கிலி மன்னன், 2011 இல் புதுப்பித்துத் திறந்தது. ஆனால் சங்கிலி என்ற பெயரில் இருவர் இருந்தார்கள். முதலாவது சங்கிலி 1519 முதல் 1561 வரை ஆண்டவன். கோவாவிலிருந்து வந்த போர்த்துக்கேயர் படை 1560 இல் நல்லூரைப் பிடித்தபோது அவன் பின்வாங்கிய இடம் எங்கள் கோப்பாய்க் கோட்டை. மற்றவன் சங்கிலி குமாரன். 1619 இல் தோற்றுப் பிடிபட்டு, கோவாவில் கொல்லப்பட்டவன். ஊர்திகளில் இந்த இருவரையும் ஒருவராக்கிவிடுகிறார்கள். முதலாமவனுடைய வீரத்துக்கு இரண்டாமவனுடைய சாவைச் சேர்த்து ஒரு கதை. பள்ளிக்கூடப் பிள்ளைகள் அதைப் பார்த்துப் படிக்கிறார்கள் என்பதை மறக்கக்கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1544 இல் மன்னாரில் கத்தோலிக்க சமயத்தைத் தழுவியவர்கள் முதலாம் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டார்கள். மன்னார்க் கத்தோலிக்கர் அவர்களை மறைசாட்சிகளாக இன்றும் நினைவுகூருகிறார்கள். உங்கள் சங்கத்தில் வேதக்காரப் பிள்ளைகள் இருந்தால், "சங்கிலியன் வாழ்க" என்று அவர்களையும் கத்தச் சொல்வதற்கு முன் ஒருமுறை அவர்களுடன் இருந்து கதையுங்கள். நாங்கள் கதைத்தோம். ஒரு தங்கச்சி, "எனக்கு ஒண்டுமில்லை அக்கா, ஆனா அம்மாட்டைச் சொல்லேலாது" என்றாள். எந்தக் கதையை எடுப்பது என்பதை அந்தப் பதிலும் சேர்ந்துதான் தீர்மானித்தது.

வாள் இல்லாத கதைகளும் எங்களிடம் நிறைய உண்டு. யாழ்ப்பாண வைபவமாலை, 18 ஆம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் காலத்தில் மயில்வாகனப் புலவர் எழுதியது, குதிரை முகத்துடன் பிறந்த மாருதப்புரவீகவல்லியைச் சொல்கிறது. கீரிமலையில் தீர்த்தமாடி முகம் மாறி, மாவிட்டபுரத்தில் கந்தனுக்குக் கோவில் எடுத்த இளவரசி. அது ஐதிகம். ஐதிகம் என்று சொல்லியே காட்டலாம். பயணக்காரர் கதை வேண்டுமானால், 1344 இல் இபின் பதூதா புத்தளத்தில் ஆரியச்சக்கரவர்த்தியைச் சந்தித்த காட்சி இருக்கிறது. அரசனுக்கு முன்னால் முத்துக் குவியல், அவனிடம் உள்ளங்கை அளவான மாணிக்கக் கிண்ணம், பாவா ஆதம் மலைக்குப் போவதற்கு விருந்தாளிக்குப் பல்லக்கு. முத்துக்கு வெள்ளை மணி போதும், செலவு குறைவு.

நீர்வேலிச் சகோதரிகள் கடைசியில் தங்கள் ஊரையே எடுத்தார்கள். நீர்வேலியில் அரசகேசரிப் பிள்ளையார் கோவில் இருக்கிறது. அரசகேசரி நல்லூர் அரச குடும்பத்தவர். காளிதாசனின் இரகுவமிசத்தைத் தமிழ்ப் பாட்டாகச் செய்த புலவர். அவர் இந்த ஊரில் இருந்தார் என்பது ஊரின் நம்பிக்கை. கோவில் பெயரும் 'இராச வீதி' என்ற தெருப் பெயரும் அதற்குச் சாட்சி சொல்வதாக முதியவர்கள் சொல்வார்கள். ஏட்டை விரித்துப் புலவர் பாட, அரசியும் தோழிகளும் ஊர்ச்சனமும் கேட்டிருப்பதுதான் காட்சி. இளம் பிள்ளைகளுக்கு இது சப்பென்றிருந்தது. "சண்டை இல்லாட்டி ஆர் பாப்பினம்?" என்றார்கள். அதுவும் நியாயமான கேள்விதான். அவர்களுக்காகப் புலவருக்குப் பின்னால் ஈட்டி பிடித்த இரண்டு காவற்பெண்களை நிறுத்தினார்கள். அரண்மனையில் காவற்பெண்கள் நின்றார்களா என்பதற்கு நான் பொறுப்பில்லை.

இனி உடுப்பு.

வாடகைக்குக் கிடைக்கும் இராசா உடுப்பு வெல்வெற்றில் தைத்துச் சமிக்கி பதித்தது. அது பழைய நாடகக் கொட்டகையிலிருந்தும் சினிமாப் படங்களிலிருந்தும் வந்தது. எங்கள் வெய்யிலில் எந்த அரசனும் வெல்வெற் போட்டிருக்க மாட்டான். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் தைக்காத பருத்தித் துணிதான். இடுப்பில் உடுத்து, மேலே ஒன்றைப் போர்த்தோ போர்க்காமலோ இருந்தார்கள். அரசருக்கும் மற்றவருக்கும் உள்ள வேறுபாடு துணியின் மென்மையிலும் சாயத்திலும் நகையிலும்தான் தெரிந்தது. சிவப்புக்குச் சாயவேர். மன்னாரிலும் யாழ்ப்பாணத்திலும் அதைக் கிண்டி எடுத்து வெளிநாடுகளுக்கும் அனுப்பினார்கள். மஞ்சளும் அவுரி நீலமும் இருந்தன. ஆகவே கண்ணைக் குத்தும் ஊதாவையும் கிளிப்பச்சையையும் விட்டு, வெள்ளை, காவி, கடுஞ்சிவப்பு, மங்கல் மஞ்சள் என்று எடுத்தால் ஊர்தி தூரத்திலிருந்தே வேறுமாதிரித் தெரியும். பழைய பருத்திச் சேலைகளும் வேட்டிகளும் ஆருடைய வீட்டில் இல்லை?

மேற்சட்டை விடயத்தில் வரலாற்றைப் பின்பற்றத் தேவையில்லை. துணியின் நிறத்திலேயே ஒரு சாதாரண சட்டையைப் போட்டு, மேலே துணியைப் போர்த்தால் போதும். எங்கள் நாட்டில் ஒடுக்கப்பட்ட சாதிப் பெண்கள் மேற்சட்டை போடக்கூடாது என்று 20 ஆம் நூற்றாண்டிலும் தடுத்தவர்கள் இருந்தார்கள். போராடிப் பெற்ற சட்டையை ஒரு நாள் வேடத்துக்காகக் கழற்ற வேண்டியதில்லை.

இதோடு சேர்த்து இன்னொரு விடயத்தையும் எழுதிவிடுகிறேன், ஒருவருக்கும் பிடிக்காவிட்டாலும். வேடம் பங்கிடும் நாளில் கவனியுங்கள். அரசி யார், தோழி யார், பல்லக்குத் தூக்குவது யார், சாமரம் வீசுவது யார்? சங்கத்தில் எல்லோரும் ஒன்று என்று நாங்கள் சொல்லிக்கொள்கிறோம். ஆனால் பல்லக்குத் தூக்க ஆள் தேடும்போது எல்லோருடைய கண்ணும் ஒரே பக்கம் திரும்பும். சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். நீர்வேலியில் அப்படித்தான் செய்தார்கள். சிலர் முகத்தைச் சுழித்தார்கள், ஒருவர் அன்றோடு வராமலே விட்டார். ஆயினும் சீட்டு மாற்றப்படவில்லை.

நகைக்கு ஒரே விதி: உண்மைப் பவுண் வேண்டாம். நெரிசலில் அறுந்து விழுந்தால் அழுதும் வராது. கவரிங் நகையும் அளவோடு போதும். காதுக்குப் பனையோலையைச் சுருட்டிச் செய்யும் காதோலை கவரிங்கைவிடப் பழையது, செலவும் இல்லை. பனையோலை வேலை தெரிந்த சகோதரி எந்தச் சங்கத்திலும் இருப்பார், அவரை முன்னுக்கு விடுங்கள். முடிக்கு மட்டையை வெட்டிப் பொன்தாள் ஒட்டலாம். கூத்துக்காரர் செய்வதுபோல இலேசான மரத்தில் செய்து கண்ணாடித் துண்டு பதித்தால் பல ஆண்டுக்கு நிற்கும். ஆனால் பாரத்தைப் பாருங்கள், மூன்று மணித்தியாலம் தலையில் இருக்கப்போகிறது. வேடத்துக்காக நுண்கடன் எடுப்பதோ, தோட்டை அடகு வைப்பதோ கூடவே கூடாது. சங்கத்தின் பணத்தை எடுப்பதானாலும் கூட்டத்தில் சொல்லி, குறிப்புப் புத்தகத்தில் எழுதிவிட்டு எடுங்கள். விழா முடிந்தபின் வரும் கணக்குச் சண்டைகள் எத்தனையோ சங்கங்களை உடைத்திருக்கின்றன.

இப்போது, மற்ற நாட்டுக்காரர் எழுதும் புத்திமதிகளில் நான் காணாத பகுதிக்கு வருகிறேன்.

எங்கள் வாசகிகளில் பலர் துணையை இழந்தவர்கள். பலருடைய துணைவர் காணாமலாக்கப்பட்டவர்கள். அரசி வேடம் என்றால் பொட்டு, பூ, தாலி எல்லாம் வரும். சீட்டில் அரசி வேடம் விழுந்தது அப்படிப்பட்ட ஒரு சகோதரிக்குத்தான். கணவரைப் பற்றி 2009 இற்குப் பிறகு எந்தத் தகவலும் இல்லை. பொட்டு வைத்தால் ஒரு கதை, வைக்காவிட்டால் இன்னொரு கதை என்று இத்தனை ஆண்டும் சனத்தின் வாயைக் கேட்டு வாழ்பவர். "அக்கா, நான் பூவும் வைச்சு றோட்டால போனா சனம் என்ன சொல்லும்?" என்றார். உடனே சுற்றியிருந்தவர்கள், "அது நாடகம்தானே, ஒண்டும் யோசிக்காதை" என்றார்கள். நல்ல மனதோடு சொன்னதுதான். ஆனால் 'ஒண்டும் யோசிக்காதை' என்பது யோசித்துக் களைத்தவருக்கு ஆறுதல் ஆகாது.

என்னுடைய எண்ணம் இது. முடிவு அந்தச் சகோதரியுடையது. வற்புறுத்தவும் கூடாது, பாவம் பார்த்து வேடத்தைப் பறிக்கவும் கூடாது. "உமக்குக் கஷ்டம், வேறை ஆளைப் போடுறம்" என்பதும் ஒரு ஒதுக்கல்தான். கேளுங்கள், ஒரு கிழமை அவகாசம் கொடுங்கள், பிறகும் கேளுங்கள். அரசியின் அடையாளம் பொட்டும் தாலியும் மட்டும்தானா என்பதையும் யோசிக்கலாம். முடி, ஆசனம், வெண்கொற்றக் குடை, நந்திக்கொடி எல்லாம் இருக்கின்றன. அவர் யோசித்து, பொட்டும் பூவும் வைப்பேன், தாலி கட்டமாட்டேன் என்றார். பவனியன்று அப்படியே இருந்தார். மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பக்கத்து வீட்டு அம்மா ஏதோ கேட்டிருக்கிறார். என்ன கேட்டார், இவர் என்ன மறுமொழி சொன்னார் என்பதை என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. இந்த முறைக் கூட்டத்துக்கு முதல் ஆளாக வந்திருந்தார்.

போர்க்காட்சியை எடுப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். 1619 இற்குப் பிறகு அரச குடும்பத்துப் பெண்களும் பிள்ளைகளும் ஞானஸ்நானம் கொடுக்கப்பட்டுக் கோவாவுக்கு அனுப்பப்பட்டார்கள். பெண்களில் சிலர் அங்கே கன்னியர் மடத்தில் விடப்பட்டார்கள். வாரிசு இல்லாமல் செய்வதே நோக்கம். இதை நடித்துக் காட்ட ஒரு சங்கம் விரும்பினால் அது பெறுமதியான காட்சிதான். வீரனுடைய சிலைக்குப் பக்கத்தில் அந்தப் பெண்களுக்கு ஒரு கல்லுக்கூட இல்லை. ஆனால் கை கட்டப்பட்டு நடக்கும் காட்சியை, 1995 ஒக்டோபர் 30 இரவு பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் நடந்தவரும், 2009 இல் வட்டுவாகலைக் கடந்தவரும் நடிக்கும்போது அது வெறும் நடிப்பாக இராது. முதல் ஒத்திகையில் சிரித்துக்கொண்டு செய்தவர் இரண்டாவதில் திடீரென்று நின்றுவிடக்கூடும். அப்படி நின்றால் ஒத்திகையை நிறுத்துங்கள். தண்ணீர் கொடுங்கள். சுற்றி நின்று "என்ன, என்ன" என்று கேட்காதீர்கள். ஒருவர் மட்டும் பக்கத்தில் இருந்தால் போதும். தொடர விருப்பமா என்று அன்றைக்கே கேட்காமல் அடுத்த நாள் கேளுங்கள். நித்திரை குழம்பி, கனவு வந்து, ஒரு கிழமைக்கு மேல் நீடித்தால் வைத்தியசாலை உளநலப் பிரிவுக்கோ உளவளத்துணையாளரிடமோ கூட்டிக்கொண்டு போங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெடி. பவனியில் சீனவெடி கொளுத்துவது ஆண்களுக்கு ஒரு பழக்கம். ஏற்பாட்டாளரிடம் முன்கூட்டியே போய், எங்கள் ஊர்திக்கு முன்னும் பின்னும் வெடி வேண்டாம் என்று சொல்லுங்கள். "கோவில் திருவிழாவிலை கொளுத்தாத வெடியா?" என்பார்கள். திருவிழாவில் வெடி எப்போது வெடிக்கும் என்று தெரியும், காதைப் பொத்தலாம், உள்ளே போகலாம். முடியும் கொடியுமாக உழவு இயந்திரப் பெட்டியில் இருப்பவர் எங்கே ஓடுவது? தவில்காரரிடமும் சொல்லிவிடுங்கள், முதல் அடியைத் திடீரென்று முழக்காமல் மெதுவாக ஏற்றும்படி. போர்த்துக்கேயச் சிப்பாய் வேடத்துக்குத் துவக்குச் செய்ய வேண்டாம். தொப்பியும் ஒரு சிலுவைக்கொடியும் போதும், யார் என்று விளங்கும். தூரத்திலிருந்து பார்ப்பவருக்கு மரத்துவக்கும் துவக்குத்தான். பச்சைப் புள்ளித் துணியும் வேண்டாம். ஊர்வலத்துக்கான பொலிஸ் அனுமதியை ஏற்பாட்டாளர் எடுத்துவிட்டாரா என்று கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

சூரன் போரைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். சூரனுக்குத் தலை மாறுவதும், மாமரம் ஆவதும், சேவல் ஆவதும் தெரிந்த கதை. அங்கே யாரும் பயப்படுவதில்லை, ஏனெனில் முடிவு எல்லோருக்கும் தெரியும். வரலாற்றுப் போரிலும் முடிவு தெரியும்தான். ஆனால் அது எங்களுக்குச் சாதகமான முடிவு அல்ல.

ஒத்திகைக்கு வருவோம். மட்டக்களப்புக் கூத்துக்காரர் அரங்கேற்றத்துக்கு முன் 'அடுக்குப் பார்த்தல்' என்று ஒரு நாள் வைத்து, முழுக் கூத்தையும் ஒருமுறை ஆடிப் பார்ப்பார்கள். அதை நாங்களும் பின்பற்றலாம். கூத்தில் முன்பு பெண் வேடத்தையும் ஆண்களே ஆடினார்கள். பெண் எப்படி அரசியாக நடப்பது என்பதற்கு எங்களிடம் பழைய முறை ஒன்றும் இல்லை, ஆகவே நீங்கள் நடப்பதுதான் முறை. விழாவுக்கு ஒரு கிழமைக்கு முன், சனசமூக நிலைய முற்றத்தில், முழு உடுப்போடும் முடியோடும் பின்னேரம் 2 மணி வெய்யிலில் ஒரு மணித்தியாலம் நின்று பாருங்கள். வீட்டில் கண்ணாடிக்கு முன் நிற்பது வேறு. எந்த ஊசி குத்துகிறது, எந்த முடிச்சு அவிழ்கிறது என்பது அப்போதுதான் தெரியும். ஜெய்ப்பூர் கால் போட்டவர்கள் துணியை இறுக்கி உடுத்தால் மடிப்பு காலில் சிக்கும். கொய்யகத்தைக் குறைத்து, கணுக்காலுக்கு மேலே வரும்படி உடுக்க வேண்டும். பெட்டியில் ஏறி இறங்கப் படி வைத்துக் கொடுங்கள். ஒரு சகோதரியை நாலு ஆம்பிளைகள் தூக்கி ஏற்றியதை வேறொரு ஊரில் பார்த்தேன். அவருடைய முகம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

வெறுங்காலோடு நடப்பவர்கள் தார் றோட்டை நம்ப வேண்டாம். துணியின் நிறத்தில் ஒரு தோற்செருப்பைப் போட்டால் யாரும் கவனிக்கப்போவதில்லை. மணிக்கூட்டைக் கழற்றுங்கள், மூக்குக் கண்ணாடி இல்லாமல் நடக்க முடியாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். மந்திரி ஒருவர் பவனி முழுக்க மகளோடு கதைத்துக்கொண்டு வந்ததை ஊரே பார்த்துச் சிரித்தது.

ஆண்கள் ஒருபோதும் யோசிக்காத விடயம் மலசலகூடம். காலை 11 மணிக்கு உடுத்தால் பின்னேரம் 5 மணிவரை உடுப்போடு இருக்க நேரிடும். பயந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு மயங்கி விழுகிறார்கள். பவனி போகும் பாதையில் எந்தப் பள்ளிக்கூடம், எந்தக் கோவில் மடம், யாருடைய வீடு உதவும் என்று முன்பே பார்த்து, கேட்டு வையுங்கள். உடுத்தை ஒருவரின் துணையோடு அவிழ்த்து உடுக்கக்கூடிய விதத்தில் உடுங்கள், தைத்து மூடிவிடாதீர்கள். மாதவிடாய் நாள் என்றால் மாற்றுத்துணி கொண்ட பை ஒன்று பெட்டியின் மூலையில் இருக்கட்டும். ஊசி, நூல், சேப்டிப்பின், கத்தரிக்கோல், தலையிடிக் குளிசை, உப்பும் சீனியும் கலந்த தண்ணீர், இவற்றோடு வேடம் போடாத ஒருவர் ஊர்திக்குப் பக்கத்தில் நடந்து வர வேண்டும். சங்கத் தலைவிக்கு இந்த வேலையைக் கொடுத்தால் அவருடைய அதட்டலுக்கும் ஒரு பயன் கிடைக்கும்.

விழா மைதானத்தில் கடை போட இடம் தருவார்களானால் விட்டுவிடாதீர்கள். இது வருமானமும் ஆகும். 'அரசர் காலச் சாப்பாடு' என்று எழுதிப் போட்டால் சனம் வரும், ஆனால் பெயருக்கேற்ப இருக்க வேண்டும். செத்தல் மிளகாய் அப்போது எங்களிடம் இல்லை. மிளகாய் அமெரிக்கக் கண்டத்துக்கு உரியது. 1505 இல் இலங்கைக்கு வந்த போர்த்துக்கேயருக்குப் பிறகுதான் எங்கள் சமையலுக்குள் நுழைந்தது. உருளைக்கிழங்கு, தக்காளி, மரவள்ளி, பப்பாளி, கொய்யா, மரமுந்திரிகை எல்லாம் அப்படியே. எங்கள் பெருமையான புகையிலையும் அங்கிருந்து வந்ததுதான். அப்போ என்னத்தைச் சமைத்தார்கள்? மிளகும் இஞ்சியும் புளியும் போட்டார்கள். குரக்கன், சாமை, தினை, நெல்லரிசி, உழுந்து, பயறு இருந்தன. ஒடியல், பனங்கட்டி, பினாட்டு இருந்தன. கத்தரிக்காய், முருங்கைக்காய், பயற்றங்காய், பலாக்கொட்டை இருந்தன. மீனுக்குக் குறைவில்லை. வாழைப்பழம் இருந்தது, ஆகவே நீர்வேலிக்காரருக்குக் கவலையில்லை.

மிளகாயும் மரவள்ளியும் இல்லாமல் ஒடியற் கூழ் காய்ச்ச முடியுமா என்று பெரிய விவாதம் நடந்தது. "அது கூழே இல்லை, வருத்தக்காரருக்குக் குடுக்கிற கஞ்சி" என்றார் ஒரு ஆச்சி. இருந்தாலும் மிளகை இடித்து, புளியைச் சற்றுக் கூட்டி, நண்டும் மீன்தலையும் பலாக்கொட்டையும் போட்டுக் காய்ச்சினார்கள். பனையோலைப் பிளாவில் ஊற்றிக் கொடுத்ததால் பிளாஸ்ரிக் கோப்பைச் செலவும் இல்லை. மிளகின் விலைதான் கையைக் கடித்தது. விலையைத் தீர்மானிக்கும்போது அதையும் கணக்கில் சேருங்கள். ஆச்சி இரண்டு பிளா குடித்தார், கருத்தை மட்டும் மாற்றவில்லை.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு நாள் நல்லூருக்குப் போய்வாருங்கள். யமுனா ஏரி, மந்திரி மனை, சங்கிலித்தோப்பில் நிற்கும் வாசல் வளைவு மூன்றையும் ஒரு முற்பகலில் பார்க்கலாம். நாவலர் வீதியில் தொல்பொருள் அருங்காட்சியகமும் இருக்கிறது. சேது என்று பொறித்த நாணயங்களில் நந்தி எப்படிப் படுத்திருக்கிறது என்று படம் பார்த்துவிட்டு வந்தால் கொடி கீற உதவும். எங்கள் முதற்கொடியில் இருந்தது நந்தியா ஆட்டுக்குட்டியா என்று பார்த்தவர்கள் கேட்டார்கள்.

விழா முடிந்த அன்று இரவே உடுப்புகளை எண்ணிக் கட்டுங்கள். வாடகைக்கு எடுத்தவற்றை மறுநாள் காலையிலேயே திருப்பிக் கொடுத்து, பற்றுச்சீட்டை வாங்கிப் புத்தகத்தில் ஒட்டுங்கள். பருத்தித் துணிகளைத் தோய்த்து நிழலில் காயப்போடுங்கள். பொன்தாள் முடிகளை வாசிகசாலை அலுமாரியின் மேல் தட்டில் வைத்துத் துணியால் மூடுங்கள். பூச்சி வரும், ஆகவே ஒட்டுவதற்குக் கோதுமை மாப்பசை பாவித்திருந்தால் இரண்டு வேப்பங்கொப்பும் போட்டு வையுங்கள்.